கியூப்புக்குப் பாஸ்ற் பேப்பர் இல்லை

கியூப் படிப்பிக்கிற தொழிலில் ஆறு பக்கத்தையும் எப்படியாவது சமாளிக்கலாம்; ஏழாவது பக்கம்தான் சிக்கல், அது வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்தகப்பன்.

கியூப் என்றால் அந்த ஆறு நிறச் சதுரப் பெட்டி. முறுக்க முறுக்க நிறமெல்லாம் குழம்பும், திரும்ப ஒழுங்காக்கவேண்டும். அதைத்தான் நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பாட்டு, கராத்தே, இங்கிலீஷ் என்று எதையாவது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால், தாங்கள் தனியாக இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குப் பொறுமை குறைவு. அதை முதலே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது.

வேலைக்கு எடுத்த விதம்

ஓ எல், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுச் சோதினையில் எனக்குக் கணக்குப் பிழைத்தது, பெயில். திரும்ப எடுத்தேன், திரும்பவும் பிழைத்தது. இன்னொரு தரம் எடு என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. சூத்திரத்தைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும், அவ்வளவுதான். ஆனால் கியூப் பிடித்தது. தம்பியின் கியூப்பைப் பறித்து, போனில் வீடியோ பார்த்து, அம்மா குசினிக்குள் இருந்து கத்தக் கத்தப் பழகினேன். கடைசியில் அம்மா ஒரு முடிவு எடுத்தா. தை பிறந்ததும் நான் யாழ்ப்பாணம் ரவுணில் மாமியின் ஃபான்சிக் கடையில் போய் நிற்கவேண்டும். நிற்பது என்றால் உண்மையாகவே நிற்பது. அந்தக் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குக் கதிரை கிடையாது. காப்புப் பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, வேறு நிறம் இருக்கோ என்று கேட்கிறவைக்குச் சிரித்து, திரும்பத் திறந்து காட்டவேண்டும். நிற்பதைக்கூடப் பொறுக்கலாம். நாள் முழுக்கச் சிரிப்பதற்கு நான் எங்கே போவேன்?

அந்த நேரம்தான் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ரியூசன் நடத்துகிற மாஸ்டர், தம்பியைக் கூட்டிப்போக வந்த நான் மதிலில் இருந்து கியூப் செய்வதைக் கண்டார். அடுத்த கிழமை வாசலில் ஒரு பதாதை தொங்கியது: "கியூப் வகுப்பு. ஞாபகசக்தியும் கணிதத் திறனும் வளரும்." சனிக்கிழமை பின்னேரம், பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை எனக்கு. ஆனால் ஒரு தவணைக்கு மட்டும்தான். மார்கழி விடுமுறைக்கு முதல் நடக்கிற பெற்றோர் கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றாவது எல்லாருக்கும் முன்னால் கியூப்பை முழுதாகச் செய்து காட்டவேண்டும். காட்டினால் வகுப்புத் தொடரும். இல்லாவிட்டால் கொட்டகை புலமைப்பரிசில் வகுப்புக்கு, நான் ஃபான்சிக் கடைக்கு.

எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் மாஸ்டருக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

"பிள்ளை, நீ கணக்கிலை என்ன எடுத்தனீ?"

"டபிள்யூ, மாஸ்டர். ரெண்டு தரமும்."

டபிள்யூ என்றால் பெயில். மாஸ்டர் பதாதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் பதாதையைப் பார்த்தார்.

"உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"நானாச் சொல்லமாட்டன். ஆனா ஆரும் கேட்டால் சொல்லுவன் மாஸ்டர்."

"அப்ப ஒருத்தருக்கும் கேக்க நேரம் கிடைக்காத மாதிரிக் கெதியாப் படிப்பி."

ஒட்டிய வீட்டுப்பாடம்

முதல் வீட்டுப்பாடம் லேசானது. வெள்ளைப் பக்கத்தை மட்டும் செய்துகொண்டு வரச் சொன்னேன். மூன்றாம் வகுப்புக் கபிசன் ஆறு பக்கமும் செய்துகொண்டு வந்தான். அவனுடைய அப்பா பாங்கில் வேலை செய்கிறவர், அன்றைக்கென்று பார்த்து வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து வாங்கில் இருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கியூப்பை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் இருந்தது. வெள்ளையும் மஞ்சளும் எப்போதும் எதிரெதிர்ப் பக்கம். உலகத்தில் யார் முறுக்கினாலும் அவை பக்கத்துப் பக்கமாக வராது. நிறச் சதுரங்களின் மூலையெல்லாம் கிளம்பி நின்றது. ஒன்றை நகத்தால் தட்டினேன், கழன்று மேசையில் விழுந்தது. "இது ஆர் உரிச்சு ஒட்டினது?" என்று கேட்டேன். கபிசன் விழுந்த சதுரத்தை எடுத்துத் திரும்ப ஒட்டப் பார்த்தான். அவனுடைய அப்பா யன்னலால் வெளியே, ஒன்றுமே இல்லாத பனங்காணியை, மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஒவ்வொன்றாக உரித்து நேராக ஒட்டுவது கியூப் செய்வதைவிடக் கரைச்சலான வேலை. அவ்வளவு பாடுபட்ட மனிதன் வீடியோவைப் பார்த்திருந்தால் உண்மையாகவே செய்து முடித்திருப்பார்.

பனங்காணி எவ்வளவு நேரத்துக்குத்தான் உதவும்? கபிசன் தகப்பன் பக்கம் திரும்பினான்.

"நான் சொன்னனான் எல்லே அப்பா, ரீச்சர் பிடிச்சுப்போடுவா எண்டு. நீங்கள்தான் பசை காய்ஞ்சால் தெரியாது எண்டனீங்கள்."

பாஸ்ற் பேப்பர்

ஆரணி நாலாம் வகுப்பு. கதைக்காது. கேள்வி கேட்டால் தலையாட்டும், அதுவும் ஓம் என்கிறதா இல்லை என்கிறதா என்று சரியாகச் சொல்ல ஏலாது. அவளுக்கும் சேர்த்துக் கதைக்கிறதுக்கு அவளுடைய அம்மா இருந்தா. வட்டுக்கோட்டையில் இருந்து ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகமாட்டா. வாசலில் கதிரை போட்டுவிடுவா. முதல் நாளே கேட்டா:

"ரீச்சர், நோட்ஸ் தருவியளோ?"

"இதுக்கு நோட்ஸ் இல்லை அன்ரி. கையாலை பழகோணும்."

"அப்ப பாஸ்ற் பேப்பர்?"

நான் பகிடி என்று நினைத்தேன். இல்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஒரு விஷயம் படிக்கிறது என்றால் அதற்குப் பழைய வினாத்தாள் எங்கேயோ இருக்கவேண்டும், அது தன் பிள்ளைக்கு மட்டும் கிடைக்காமல் யாரோ ஒளித்து வைத்திருக்கவேண்டும். "மாதிரி வினாத்தாள் எண்டாலும் பறவாயில்லை," என்றா. குழப்பிய கியூப் ஒன்றை எடுத்து அவவின் கையில் வைத்தேன். "இந்தாங்கோ அன்ரி, மாதிரி வினாத்தாள்." அவவுக்கு அது பிடிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று நான் அசைவுகளுக்கு ஒரு வரி வைத்திருந்தேன். வலப்பக்கத்தை மேலே ஏற்று, மேல் தட்டை இழு, வலப்பக்கத்தை இறக்கு, மேல் தட்டைத் தள்ளு. சுருக்கமாக "ஏத்து, இழு, இறக்கு, தள்ளு." அந்த அம்மா வாசலில் இருந்தபடியே அதை எழுதிக்கொண்டு போனா. அடுத்த சனி ஆரணி வந்தாள். கியூப்பை மேசையில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள், கண்ணை மூடினாள், தேவாரம் பாடுகிற அதே இராகத்தில் "ஏத்து, இழூஉ, இறக்கு, தள்ளூஉ" என்று முழுவதையும் ஒரு பிழை இல்லாமல் பாடி முடித்தாள். கியூப் மேசையில் கிடந்தது கிடந்தபடி. வாசலில் இருந்த தாயின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, முதலாம் பரிசு கிடைத்த மாதிரி.

"சரி ஆரணி, இப்ப கியூப்பைத் திருப்பு," என்றேன். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையின் குரலை முதன்முதல் கேட்டேன்.

"அம்மா பாடமாக்கத்தான் சொன்னவா ரீச்சர். திருப்பச் சொல்லேல்லை."

கனடாச் சித்தப்பா

கபிசனின் பழைய கியூப்பின் நிறமெல்லாம் கழன்றுவிட்டதால் கனடாவில் இருக்கிற சித்தப்பா புதிது ஒன்று அனுப்பிவிட்டார். நல்ல சாமான். எண்ணெய் போட்ட சில்லு மாதிரிச் சுழலும். அதோடு சித்தப்பாவும் வந்தார், போனுக்குள்ளே. கபிசன் போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைக்க, அவர் அங்கே போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்து என் வகுப்பைப் பார்ப்பார். "தங்கச்சி, உங்கை என்ன மெதட்டிலை படிப்பிக்கிறியள்?" என்று கேட்பார். "இஞ்சத்தைப் பிள்ளையள் வேறை மாதிரியெல்லே செய்யினம்," என்பார்.

ஒரு நாள் தானே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். தன் கியூப்பைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, "இடது பக்கம் திருப்பு, இல்லையில்லை, என்ரை இடது, உன்ரை வலது, பொறு, போன் மாத்திக் காட்டுதோ?" என்று தொடங்க, வகுப்பு முழுக்க ஆளுக்கொரு பக்கம் திருப்பி, நான் ஒரு மாதமாகச் செய்வித்த முதல் தட்டை எல்லாம் உடைத்துவிட்டார்கள். நான் போனைப் பிடுங்கி நிற்பாட்டப் போனேன். அதற்குள் கபிசன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், மிகவும் அன்பாகச் சொன்னான்:

"சித்தப்பா, உங்கை இன்னும் விடியேல்லை. போய்ப் படுங்கோ."

பொட்டு வைத்த கட்டை

கியூப்பில் ஒரு விஷயம் விளங்கினால் பாதி முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கிற கட்டை இடம் மாறாது. மற்றதெல்லாம் ஓடித் திரியும், நடுக்கட்டை நின்ற இடத்தில் நிற்கும். அந்தப் பக்கம் என்ன நிறம் என்று சொல்வதும் அதுதான். இதை நான் கிழமைக்குக் கிழமை தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். படம் கீறிக் காட்டினேன். கத்தினேன். ஒருத்தருக்கும் ஏறவில்லை. சிவப்பு நடுவைத் தேடிப் பிடித்துப் பச்சைப் பக்கத்துக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள்.

நவராத்திரி வந்தது. ரியூசனில் வாணி விழா. பிள்ளைகளின் புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கியூப்பும் படிப்புத்தானே என்று ஆரணியின் அம்மா எல்லாருடைய கியூப்பையும் வாங்கி அதோடு வைத்தா. வைத்ததோடு விட்டாவா? ஒவ்வொரு கியூப்பிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நட்ட நடுவில் சந்தனம் வைத்து, அதற்குமேல் குங்குமம். விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று கட்டளை வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பெற்றோர் கூட்டம் கிட்ட வருகிறது, பிள்ளைகள் கியூப்பைத் தொடாமல் இருக்கிறார்கள், சந்தனம் இடுக்குக்குள் இறங்கிக் காய்கிறது.

விஜயதசமி அன்று எடுத்தால் எல்லாம் இறுகிப்போய் இருந்தது. பிள்ளைகள் பலம் கொண்ட மட்டும் முறுக்கினார்கள். சந்தனம் பொரிந்து கொட்டிக் கொட்டி மெல்ல மெல்ல அசைந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் எல்லாரும் குனிந்து பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு முறுக்கியும் பொட்டு வைத்த கட்டை மட்டும் நடுவிலேயே நிற்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷப்படுவதா, என் தொண்டையை நினைத்துக் கவலைப்படுவதா என்று தெரியவில்லை. கபிசன் எழும்பி நின்று வகுப்புக்கே விளக்கம் கொடுத்தான்:

"நடுக்கட்டையிலை சரஸ்வதி இருக்கிறா. அதுதான் அசைக்கேலாமல் இருக்கு. ரீச்சருக்கு இது தெரியாது."

டிலக்சியின் உத்தியோகம்

ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று இருக்கும், உங்களுக்கும் தெரியும். எனக்கு வாய்த்தது டிலக்சி. இரண்டாம் வகுப்பு. மாதகல் பக்கத்துப் பிள்ளை, அப்பா கடற்றொழில். கியூப்பைச் செய்வதில் அவளுக்குத் துளியும் விருப்பம் இல்லை. குழப்புவதில்தான் விருப்பம். யாராவது ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு மூச்சு விடுவதற்குள் பின்னால் வந்து பறித்து, நாலு முறுக்கு முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அழுகை, அடிபிடி, கொட்டகைத் தகரம் அதிரும்.

ஏசிப் பார்த்தேன். வாசலில் நிற்க வைத்துப் பார்த்தேன். வாசலில் நின்றவள் ஆரணியின் அம்மாவின் கையில் இருந்த கியூப்பைக் குழப்பினாள். கடைசியில் அலுத்துப்போய் அதையே அவளுக்கு உத்தியோகமாகக் கொடுத்துவிட்டேன். குழப்புகிற வேலை இனி டிலக்சிக்கு மட்டும். ஆனால் நான் சொல்கிறபோது மட்டும். பிள்ளை திருந்திவிட்டது. ஒவ்வொரு கியூப்பையும் காதுக்குக் கிட்டப் பிடித்து, ஒரு பக்கமும் மிஞ்சாமல், அவ்வளவு சிரத்தையாகக் குழப்பும். ஒரு நாள் கேட்டேன், "உனக்கும் ஒருக்காச் செய்து பாக்க ஆசை இல்லையோடி?" என்று. என்னைப் பாவம் பார்த்த மாதிரிப் பார்த்தாள்.

"எல்லாரும் செய்துகொண்டிருந்தால், உங்களுக்கு வேலை ஆர் தாறது ரீச்சர்?"

உடைகிற இடம்

கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். மற்றவர்கள் எல்லாரும் நடுத்தட்டோடு நிற்க, ஆரணி மட்டும் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். நான் தப்புவது அந்தக் கதைக்காத பிள்ளையின் கையில் இருந்தது.

கடைசிப் படி எப்படி என்றால், கியூப்பைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு மூலையாக அடியில் கொண்டுவந்து அதே பாட்டு, ஏத்து, இழு, இறக்கு, தள்ளு. மூலை சரிவரும் மட்டும் பாடவேண்டும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நடுவழியில் அதுவரைக்கும் செய்ததெல்லாம் உடைந்துபோகும். பார்க்கிறவனுக்கு எல்லாம் நாசமாய்ப் போய்விட்டது போலத்தான் இருக்கும். ஆனால் பிடியை மாற்றாமல், பாட்டை விடாமல் போனால் கடைசி மூலையோடு எல்லாம் தன்னால் வந்து சேரும். பிடி மாறினால் மட்டும் தொலைந்தோம், முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

ஆரணி ஒவ்வொரு தரமும் அந்த உடைகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவாள். கியூப்பை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். வாசலில் அவளுடைய அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, வந்ததையும் கெடுத்துப்போட்டாள்," என்பா. ஒவ்வொரு தரமும் இதேதான். கடைசியில் நான் கத்திவிட்டேன். "இது குழம்பித்தான் சரிவரும் ஆரணி! குழம்பேக்கை வாசலைப் பாக்காதை, கையைப் பார்!" அவள் திரும்ப எடுத்தாள். உடைகிற இடம் வந்தது. நிற்கவில்லை. ஒரு மூலை, அடுத்த மூலை, சரியாய் வந்துவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் நின்ற கபிசன் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரீச்சர், அவள் கையைப் பாத்தவள். நீங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்."

பெற்றோர் கூட்டம்

ரியூசன் மண்டபத்தில் வாடகைக் கதிரைகள், மைக், தேத்தண்ணி, ஒரு பெரிய தட்டு நிறைய றோல்ஸ். மாஸ்டர் கல்வியின் பெருமையைப் பற்றிக் கதைக்க, எல்லாரும் றோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு "இனிக் கியூப் வகுப்பு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஆரணியைக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்ததும் கபிசனின் அப்பா எழும்பினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மனிதன் கேள்வி கேட்பது மரியாதை என்று நினைக்கிறவர்.

"கணிதத் திறன் வளருமெண்டு வெளியிலை போட்டிருக்கு. அதுதான் கேக்கிறன், ரீச்சர் கணக்கிலை என்ன எடுத்தனீங்கள்?"

மாஸ்டருக்கு இருமல் வந்தது. மைக்குக்குள்ளேயே இருமினார்.

"டபிள்யூ, அங்கிள்," என்றேன்.

மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பின் வரிசையில் இருந்து ஒருவர், "ஒருக்காத்தானோ?" என்று ஆறுதலாகக் கேட்டார். "இல்லை, ரெண்டு தரம்." அதோடு அவரும் இருந்துவிட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஃபான்சிக் கடை முழுதாகத் தெரிந்தது, காப்புப் பெட்டி உட்பட. "இப்ப பிள்ளை செய்து காட்டும்," என்று அவசரமாகச் சொன்னார்.

டிலக்சி வந்து தன் உத்தியோகத்தைச் செய்தாள். அன்றைக்குக் கரைவைத்த புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, இரக்கமே இல்லாமல் குழப்பிக் கொடுத்தாள். ஆரணி தொடங்கினாள். முதல் தட்டு. நடுத்தட்டு. மேலே மஞ்சள் சிலுவை. சனம் கதிரை நுனிக்கு வந்துவிட்டது. கியூப்பைத் தலைகீழாக்கினாள். ஏத்து, இழு, இறக்கு, தள்ளு. எல்லாம் உடைந்தது. அவள் நிற்கவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மா வாசலில் இல்லை, முதல் வரிசையில் இருந்தா.

"ஐயோ, வந்ததையும் கெடுத்துப்போட்டாள்!" ஒரே பாய்ச்சலில் மேடைக்கு வந்து, பிள்ளையின் கையில் இருந்து கியூப்பைப் பறித்து, என் கையில் திணித்தா. "பிடியுங்கோ ரீச்சர், கெதியா நீங்கள் சரிப்படுத்துங்கோ. எல்லாரும் பாக்கினம்."

பிடி போய்விட்டது. கியூப் என் கையில். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் செய்து முடித்துவிடுவேன். மாஸ்டரும் புருவத்தால் அதைத்தான் சொன்னார், முடி, முடி என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இது என்ரை கியூப் இல்லை அன்ரி. பிள்ளையின்ரை. நீங்கள் போய் இருந்து கையை மடியிலை வையுங்கோ." மைக் போட்டபடியே இருந்திருக்கிறது. முழு மண்டபமும் கையை மடியில் வைத்தது.

கியூப்பை ஆரணியிடம் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிலக்சி ஆசையோடு கிட்ட வந்தாள். "முதலிலை இருந்து எண்டால் நான் ஒருக்காக் குழப்பித் தரட்டோ?"

ஆரணி தலையாட்டவில்லை. வாய் திறந்தே சொன்னாள். "தேவையில்லை. அம்மா காணுமான அளவு குழப்பிப்போட்டா."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, தொடங்கிவிட்டாள். முதல் தட்டு, நடுத்தட்டு, எல்லாம் திரும்பவும். கடைசிப் படி வந்தபோது எங்கேயோ மெல்லிய பாட்டுச் சத்தம் கேட்டது. பார்த்தால் முதல் வரிசை. ஆரணியின் அம்மா கண்ணை மூடி, கையை மடியில் வைத்தபடி, அந்தத் தேவார இராகத்தில் "ஏத்து, இழூஉ, இறக்கு, தள்ளூஉ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தா. பாடமாக்கினது பிள்ளை மட்டும் இல்லை. உடைகிற இடத்தில் ஒரு கண்ணைத் திறந்தா, பார்த்தா, வாயைக் கையால் பொத்தினா, ஆனால் எழும்பவில்லை. நானும் இந்தமுறை கண்ணை மூடவில்லை. ஆரணி கடைசி மூலையை முடித்து, அடித்தட்டை ஒரு திருப்புத் திருப்பி, கியூப்பை மேசையில் வைத்தாள். ஆறு பக்கமும் ஒழுங்கு. கைதட்டலில் மழைச் சத்தம் கேட்கவில்லை. அவள் என் சட்டையை இழுத்து, "றோல்ஸ் முடிஞ்சிருக்குமோ ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

மாஸ்டர் அந்த இடத்திலேயே வகுப்புத் தொடரும் என்று அறிவித்தார். டபிள்யூவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கபிசனின் அப்பா மட்டும் கிட்ட வந்து, கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையென்றால் பதாதையை மாற்றுவதுதானே முறை என்று தாழ்ந்த குரலில் சொன்னார், ஒட்டுவதற்கு உதவியும் செய்வதாகச் சொன்னார். வீட்டுக்குச் செய்தி எனக்கு முதலே போய்விட்டது. அம்மா அன்றைக்கே மாமிக்குப் போன் எடுத்து, வேறு ஆள் பார்க்கச் சொன்னா. "எங்கடை பிள்ளைக்கு நேரமில்லை," என்றா, அதைச் சொல்லும்போது குரலில் ஒரு எடுப்பு.

ஆனால் நான் மண்டபத்தை விட்டு வெளிக்கிட முதல் ஆரணியின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வழியை மறித்தா. கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்லப்போகிறா என்று நினைத்து நானும் கொஞ்சம் இளகி நின்றேன். பின்னால் இன்னும் நாலு தாய்மார் நின்று தலையாட்டினார்கள், மாஸ்டரும் சேர்ந்து ஆட்டினார்.

"ரீச்சர், நாங்கள் எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டம். அடுத்த தவணை கியூப்புக்குச் சோதினை வைக்கோணும், மார்க்ஸும் போட்டு றாங்க்கும் போடோணும். அப்பத்தான் எங்களுக்கும் பாஸ்ற் பேப்பர் ஒண்டு மிஞ்சும்."

ஆக, கணக்குச் சோதினை வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவளை முறுக்கி முறுக்கித் திரும்பவும் ஒரு சோதினை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், இந்தமுறை வினாத்தாள் என் கையில் இருக்கிறது, விடையைக் குழப்புவதற்கு டிலக்சி இருக்கிறாள்.